அப்பாவின் ஆமைக் கார்

உங்கள் வீட்டுத் தையல் பெட்டியில் ஓர் இஞ்சு டேப் இருக்கும். அலமாரியின் ஏதாவது ஒரு மூலையில் பாதி உலர்ந்துபோன க்யூடெக்ஸ் சீசா ஒன்றும் இருக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மோட்டார் காரின் வியாதியைக் கண்டுபிடிக்கலாம் என்று நான் சொன்னால், "இதென்ன கூத்து!" என்று சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். 2024-ம் வருஷம் வரையில் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

முதலில் எங்கள் வீட்டுக் காரை உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். அது 1963-ம் வருஷத்து வோக்ஸ்வாகன் பீட்டில். சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஆரம்பமானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாளில் அங்கே பாடம் சொல்ல வந்த ஜெர்மானியர் ஒருவர் கூடவே கொண்டு வந்த வண்டி என்று கேள்வி. இரண்டு மூன்று கை மாறி, 1978-ல் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு அப்போது சர்க்கார் உத்தியோகம். கல்யாணமாகி ஒரு வருஷம். கையிலிருந்த சேமிப்போடு அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் அந்தக் காருக்குள் போயிற்று. "முன்னே கழுத்தில் கிடந்தது, இப்போ வாசலில் கிடக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள் அம்மா. ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்குச் சூட்டிய பெயர், ஆமைக் கார்.

விசித்திரமான வண்டி அது. முன்பக்கத்தைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம்; பின்பக்கத்தைத் திறந்தால் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது. தண்ணீரே குடிக்காது. ஒரு விசிறி காற்றை உறிஞ்சி நாலு சிலிண்டர்களின் மேலும் வீசும். அதில்தான் சூடு தணிய வேண்டும். 1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்பவர் வகுத்த திட்டம். கடைசி வண்டி மெக்ஸிகோ நாட்டில் பியூப்ளா என்ற ஊரிலிருந்து 2003-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி வெளியே வந்தது. அதற்குள் உலகத்தில் 2 கோடியே 15 லட்சம் ஆமைகளுக்கு மேல் ஊர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றுதான் எங்களுடையது.

அந்தக் காரின் எஞ்சினை அப்பா வேறு யாரையும் லேசில் தொட விட்டதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னால், பழைய பனியனோடு வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்துவிடுவார். "டைமிங் பார்க்கிறேன்" என்பார். கடிகாரம் எதையும் காணோமே, என்ன டைமிங் பார்க்கிறார் என்று சிறு வயதில் நான் யோசித்ததுண்டு.

விஷயம் இதுதான். பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் ஆவியை அமுக்குகிறது. பிளக்கில் பொறி விழுந்து, ஆவி பற்றிக்கொண்டு, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அப்படியானால் பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விழுந்தால் போதுமல்லவா? போதாது. நெருப்பு பரவுவதற்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். நீங்கள் பால் காய்ச்சும்போது என்ன செய்கிறீர்கள்? பொங்கி விளிம்பைத் தொட்ட பிறகா அடுப்பை அணைக்கிறீர்கள்? ஒரு கணம் முன்னதாகவே கை போய்விடுகிறதல்லவா? அந்த ஒரு கணம்தான் டைமிங். எங்கள் வண்டிக்கு அது பத்து டிகிரி. அதாவது எஞ்சினின் தண்டு, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர இன்னும் பத்து டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே பொறி விழ வேண்டும். அதற்கு மேல் முந்தினால் எஞ்சினுக்குள் சுத்தியால் தட்டுவது போல் சத்தம் கேட்கும், பிஸ்டனுக்கே ஆபத்து. பிந்தினால் சக்தி போகும், சூடு ஏறும். தண்ணீர் இல்லாத எஞ்சின். சூட்டைக் காட்டும் முள்கூட அந்த வண்டியில் கிடையாது. சூடு ஏறுவது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

எஞ்சின் எத்தனை டிகிரி சுற்றியிருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? தண்டின் நுனியில் ஒரு புல்லி இருக்கிறது. ஃபேன் பெல்ட் அதில்தான் ஓடுகிறது. புல்லியின் விளிம்பில் சின்ன வெட்டு. எஞ்சினின் உடம்பு இரண்டு பாதிகளைச் சேர்த்துச் செய்தது. பாதிகள் சேரும் இடத்தில், தலையில் வகிடு எடுத்தாற்போல நேர்கோடு ஒன்று தெரியும். புல்லியின் வெட்டு அந்த வகிட்டுக்கு நேராக வரும்போது பொறி விழ வேண்டும். இவ்வளவுதான் ரகசியம்.

எங்கள் வண்டியின் புல்லியில் இரண்டு வெட்டுகள் அருகருகே இருந்தன. ஒன்று ஏழரை டிகிரி, மற்றது பத்து. இரண்டுக்கும் இடையே நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. எண்ணெய் அழுக்கில் எது எதுவென்று தெரியாமல் அப்பா ஒரு நாள் சலித்துக்கொண்டபோது, அம்மா உள்ளே போய்த் தன் க்யூடெக்ஸ் சீசாவை எடுத்து வந்தாளாம். பத்து டிகிரி வெட்டைத் துணியால் துடைத்து, சிவப்பாக ஒரு சொட்டு வைத்தாளாம். "வகிட்டுக்கு நேரே பொட்டு வந்தால் சரிதானே? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் குறிக்குப் பெயரே பொட்டுதான். வருஷத்துக்கு ஒரு தரம் அம்மா அதைப் புதுப்பிப்பாள்.

அம்மா 2017-ல் காலமானாள். பொட்டு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டு வந்தது. அப்பா அதன்மேல் கை வைக்கவில்லை.

2022-ல் புல்லியின் விளிம்பு விரிசல் கண்டது. ஒரு பட்டறையில் கொடுத்து வேறு புல்லி மாட்டி வாங்கி வந்தோம். பழைய புல்லியை அப்பா கேட்டு வாங்கி வந்து, ஷெட்டில் ஓர் ஆணியில் மாட்டினார். புதுசில் ஒரே ஒரு வெட்டுதான் இருந்தது. அம்மாவின் அலமாரியில் இருந்த சீசாவில் அடியில் கொஞ்சம் க்யூடெக்ஸ் கெட்டியாகக் கிடந்தது. அப்பா கடையில் ரிமூவர் வாங்கி வந்து அதைக் கரைத்து, அந்த வெட்டில் தாமே பொட்டு வைத்தார். பிறகு வழக்கம்போல டைமிங் பார்த்து முடித்தார்.

அதிலிருந்துதான் வண்டிக்குச் சீக்குப் பிடித்தது. ஸ்டார்ட் என்னவோ சுலபமாகத்தான் ஆகும். எங்களை ஏமாற்றியது அதுதான். ஆனால் மேடு என்றால் திணறும். கத்திப்பாரா மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போகும். பின்னாலிருந்து ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்தால், ரொட்டி அடுப்பைத் திறந்தது போல் முகத்தில் அனல் அடிக்கும். பிளக் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழுவினோம். "எஞ்சினை இறக்கிப் பார்க்கணும் மேடம்" என்றார் ஒருவர். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அப்பா பேச்சையே மாற்றிவிட்டார்.

முன்காலத்து அப்பாவாக இருந்தால் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் கண்டுபிடித்திருப்பார். அவருடைய காது அப்படி. சமையலறையில் குக்கர் எத்தனை விசில் என்று நாம் கணக்கு மறந்தாலும், ஷெட்டிலிருந்தே எண்ணிச் சொல்வார். இப்போதோ இரண்டு காதிலும் கருவி. "வண்டிச் சத்தமும் ஒண்ணுதான், மிக்ஸிச் சத்தமும் ஒண்ணுதான்" என்பார். கையிலும் லேசான நடுக்கம்.

2024-ல் ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பினேன். வாசலில் யாரோ ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பழைய கார் வாங்கி விற்கும் தரகராம்.

"என்னப்பா இது?"

"அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சும்மா. எத்தனை நாளைக்கு இழுத்துப் பிடிக்கிறது? நல்ல இடமாப் பார்த்துக் கொடுத்துடலாம்" என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போல் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் காரைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் அப்பா 'அதுக்கும்' என்று சொன்ன வார்த்தை தூங்க விடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

முதல் ஞாயிறு அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே 'பாயிண்ட்' என்று இரண்டு சின்ன உலோக முனைகள், மூடி மூடித் திறக்கும். அவை நன்றாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முதலில் அதைச் சரி செய்ய வேண்டும், டைமிங் அப்புறம்தான். வரிசையை மாற்றினால் பார்த்த டைமிங் பாழ். பிறகு ஒரு 6 வோல்ட் பல்பு. அதன் ஒரு கம்பி காயிலில், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில். மற்றொன்று எஞ்சினின் உடம்பில். சாவியைப் போட்டுவிட்டு, பொட்டை வகிட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருக வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும் வரையில் விளக்கு எரியாது. திறந்த கணத்தில் பளிச்சென்று எரியும். பொறி விழுவதும் அதே கணத்தில்தான். எரிந்த இடத்தில் நிறுத்தி நட்டை முடுக்கு! அவ்வளவுதான்.

நான் செய்த முதல் காரியமே விபரீதமாயிற்று. சுலபமாகச் சுற்ற வேண்டுமென்று பிளக் வயர்கள் நாலையும் பிடுங்கியவள், திருப்பி மாட்டும்போது 1, 2, 3, 4 என்று சமர்த்தாக வரிசைப்படுத்திவிட்டேன். எஞ்சினுக்கோ கணக்கு 1, 4, 3, 2. சாவியைத் திருகியதும் கார்புரேட்டரில் 'டொப்'பென்று ஒரு வெடி. எதிர் வீட்டு மாமி, கையில் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். அப்பாவுக்கு அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

வயர்களைச் சரியாக மாட்டினேன். எல்லாம் பொட்டுப்படி அணுவளவும் பிசகாமல் இருந்தது. அன்று சாயங்காலம் கத்திப்பாராவில் ஏறினோம். அதே முனகல், அதே அனல்.

அன்றிரவு கை கழுவ ஷெட்டுக்குப் போனபோதுதான் ஆணியில் தொங்கிய பழைய புல்லி கண்ணில் பட்டது. இதில் இரண்டு வெட்டு, புதுசில் ஒன்று. அந்த ஒன்று எதைச் சொல்கிறது? ஏழரையா, பத்தா?

"என்னத்தைச் சொல்லும்? பத்துதான்" என்றார் அப்பா.

நமது தொழிலில் ஒரு வசதி, சந்தேகம் வந்தால் தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிடும். தேடினேன். பார்த்தால், ஒவ்வொரு காலத்துப் புல்லியும் ஒவ்வொரு பாஷை பேசுகிறது! சிலவற்றில் ஏழரை, சிலவற்றில் பத்து, சிலவற்றில் உச்சியே வெட்டாக இருக்கிறது. அமெரிக்காவில் புகைக்குச் சட்டம் வந்த 1970-களின் தொடக்கத்தில், உச்சியைத் தாண்டி ஐந்து டிகிரியில் வெட்டு வைத்த புல்லிகளும் உண்டு. உருவத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஆகவே வெட்டை நம்பாமல், பிஸ்டனையே கேட்க வேண்டியதாயிற்று. அதற்கு ஓர் அருமையான உபாயம் இருக்கிறது. ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்துவிட்டு, அதன் நடுவில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும்படி எங்கள் தெரு லேத்துப் பட்டறையில் செய்து வாங்கினேன். நாலு பிளக்கையும் கழற்றி, முதல் சிலிண்டரில் இந்தப் போலிப் பிளக்கைத் திருகினேன். மேலே ஏறி வரும் பிஸ்டன், உச்சிக்குப் போகாமல் போல்ட்டில் இடித்து நிற்கும். கையால் பூப்போலச் சுற்ற வேண்டும். பிஸ்டன் இடித்த இடத்தில், வகிட்டுக்கு நேரே புல்லியின்மேல் ஒரு பென்சில் கோடு. பிறகு எதிர்த் திசையில் சுற்றினால் மறுபக்கத்திலிருந்து வந்து இடிக்கும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் இருப்பதுதான் பிஸ்டனின் உச்சி. ஊகம் கிடையாது, பட்டறைக்காரர் வாக்கு கிடையாது; பிஸ்டனே சாட்சி.

இஞ்சு டேப்பை வைத்து அளந்தேன். கோட்டுக்குக் கோடு 14 செ.மீ. பாதி, ஏழு. டேப்பில் ஏழாவது கோடு வந்து உட்கார்ந்த இடத்தில் சிவப்பாகப் பொட்டு இருந்தது.

அந்த வெட்டு பத்து டிகிரியே அல்ல. உச்சி! எங்கள் வண்டி இரண்டு வருஷமாகப் பத்து டிகிரி தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வயசும் இல்லை, சீக்கும் இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது? அம்மாவின் சீசாவைக் கரைத்து, நடுங்கும் கையால் வைத்த பொட்டு அது. 'தப்பான இடத்தில் வைத்துவிட்டீர்கள்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, டேப்பையும் அவருடைய பூதக் கண்ணாடியையும் கையில் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் புரியலேப்பா. நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்களேன்" என்றேன். அந்தரங்கமாகச் சொல்கிறேன், அது பொய்தான்.

அளந்தார். டேப்பை எடுத்தார். மறுபடியும் அளந்தார். பிறகு புல்லியின் விளிம்பைச் சுற்றியே டேப்பை ஓட்டி, "ஐம்பத்து நாலரை" என்றார். "முப்பத்தாறால் வகு."

"ஒண்ணரைப்பா."

"பத்து டிகிரிக்கு ஒண்ணரை சென்டிமீட்டர்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ வெட்கமோ முகத்தில் தெரியவில்லை. "அப்போ வண்டிக்கு ஒண்ணுமே இல்லியா?" என்றார். குழந்தைக்கு ஜுரம் விட்டதா என்று டாக்டரிடம் கேட்பார்களே, அந்தக் குரல்.

நான் துணியில் ரிமூவரை நனைத்துக்கொண்டு பொட்டை அழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும். உச்சியும் தெரியத்தானே வேணும்? பக்கத்திலே இன்னொண்ணு வை."

என் கைப்பையில் இருந்த க்யூடெக்ஸ் நல்ல ஊதா நிறம். பொட்டுக்கு இடது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் அளந்து, தூரிகையைக் கொண்டு போனேன்.

"அந்தப் பக்கம் இல்லேம்மா! புல்லி எந்தப் பக்கம் சுத்தும்?"

யோசித்தேன். கடிகார முள்ளைப் போல. அப்படியென்றால், உச்சிக்கு முன்னால் வகிட்டைத் தாண்ட வேண்டியது வலது பக்கம் இருப்பது. இடது பக்கம் வைத்திருந்தால் பத்து டிகிரி தாமதத்தோடு இன்னும் பத்தைச் சேர்த்திருப்பேன். எத்தனை தேடிப் படித்தால் என்ன, நாற்பத்தாறு வருஷம் அந்த எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தவர் அவரல்லவா?

வலது பக்கம் ஊதாப் பொட்டு வைத்தேன். அது உலர்ந்ததும் புல்லியைச் சுற்றி, அதை வகிட்டுக்கு நேரே நிறுத்தினேன். பல்பை மாட்டினோம். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகும் வேலையை இந்தத் தடவை அப்பாவே எடுத்துக்கொண்டார். கை நடுங்கியது. அது பரவாயில்லை, விளக்கு எரிந்ததும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நட்டை நான் முடுக்கினேன். இதற்குக் காது வேண்டியதில்லை, கண் போதும். விளக்கு எரிந்தபோது அவர் முகத்தில் விழுந்த வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான். ஆறு வோல்ட் பல்பு எவ்வளவு எரிந்துவிடும்?

சாயங்காலம் கத்திப்பாராவுக்குப் போனோம். அப்பாதான் ஓட்டுவேன் என்றார். வேண்டாம் என்று நான் ஓட்டினேன். மேம்பாலத்தின் அடியில் வழக்கம்போல இரண்டாவது கியருக்குக் கை போயிற்று. "மூணிலேயே போ" என்றார். மூன்றிலேயே போனேன். ஆமை ஏறிற்று. பாதி மேட்டில் ஓர் ஆட்டோவையே தாண்டிவிட்டோம். அப்பா திரும்பி அந்த ஆட்டோக்காரரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்தேன். சூடு இருந்தது, அனல் இல்லை. அப்பா காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே விடச் சொன்னார். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து, அந்த அதிர்வைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தரகரிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "சார் என்ன முடிவு பண்ணியிருக்கார்?" என்று கேட்டார். சாரை எட்டிப் பார்த்தேன். வாசலில் பழைய பனியனோடு குந்தியிருந்தார். பக்கத்தில் என் ஊதாச் சீசா திறந்து கிடந்தது. ஆணியில் தொங்கிய பழைய புல்லியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வைத்த பொட்டின் மிச்சத்துக்கு மேலே புதுசாக ஒன்று வைத்துக்கொண்டிருந்தார்.